சிமெண்ட் ஊர்ப் பக்கத்துல ஒரு சன்ஷேடு

போன மாசம் எங்க வீட்டு வாசல் சன்ஷேடுலேர்ந்து ஒரு சாண் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்துச்சு. விழுந்தது அப்பாயி தினமும் சாயங்காலம் உட்கார்ற நாற்காலி மேல. அன்னைக்கு அவங்க ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாங்க. அதனாலதான் இதை நிதானமா எழுத முடியுது.

எங்க வீடு பெரம்பலூர். பக்கத்து அரியலூர்ல கிடைக்கிற சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துல இந்தப் பகுதி கடலா இருந்தப்ப படிஞ்சது. அதை நம்பி 1979-ல அரசு சிமெண்ட் ஆலை வந்துச்சு, தனியார் ஆலைகளும் வந்துச்சு. சிமெண்ட் லாரி பார்த்தே வளர்ந்த ஊர்க்காரனுக்கே இந்தக் கதியான்னு கேட்டா, குத்தம் சிமெண்ட் மேல இல்லைங்க.

கொத்தனார் சுத்தியலால தட்டினப்ப உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பியிருந்துச்சு. மேல கான்கிரீட் ஒரு விரக்கடை கூட இல்லை. நல்ல கான்கிரீட்ல காரத்தன்மை அதிகம், பிஎச் 12-க்கு மேல. அந்தக் காரம் கம்பி மேல ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு நுண்துளை வழியா உள்ள போய், பிஎச் அளவை 9-க்குக் கீழ இறக்கிட்டா படலம் போச்சு. அப்புறம் மழை ஈரம் போதும். துருவுக்கு இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் வேணும். கான்கிரீட்டைப் பிளந்துதான் அந்த இடத்தை எடுத்துக்கும்.

கடலோரத்துல இதே வேலையை உப்பு இன்னும் சீக்கிரமாச் செய்யும். மண்ணுல, நிலத்தடி நீர்ல சல்ஃபேட் இருந்தா கம்பியே தேவையில்லை, சிமெண்டோட சேர்ந்து உள்ளயே உப்பி வெடிக்க வைக்கும். தீ வேற ரகம். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினா வலு இறங்கும், 600-ல ஏறக்குறைய பாதி காலி. 2017 மே 31-ல சென்னை தி.நகர் ஜவுளிக்கடையில தீப்பிடிச்சப்ப, ஒரு பகுதி தானா சரிஞ்சுது, மிச்சத்தை இடிக்க வேண்டியதாப் போச்சு.

தீயை விடுங்க. மத்த எல்லாத்துக்கும் வாசல் அந்த நுண்துளைதான். அதை அடைக்கிறது ஆரம்பத்துல ஊத்துற தண்ணி. சிமெண்ட் காய்ஞ்சு இறுகுறதில்லை, தண்ணியோட வினைபுரிஞ்சுதான் இறுகுது. ஐஎஸ் 456:2000 விதிப்படி, வெக்கையான வறண்ட இடத்துல குறைஞ்சது 10 நாள் ஈரம் காயவிடக் கூடாது. ஆரம்பத்துல தண்ணி குறைஞ்சா, பின்னாடி அதே தண்ணி எதிரி.

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். வீடு கட்டினது ஒரு சித்திரை மாசம். நான் ஆறாவது முடிச்ச லீவு. சன்ஷேடுக்குத் தண்ணி ஊத்துறது என் பொறுப்பு. மூணு நாள் ஊத்தினேன். அப்புறம் கிரிக்கெட். அப்பா கேட்டா "ஊத்திட்டேன்பா"ன்னு சொல்லிட்டேன்.

காமர்ஸ்ல தேய்மானம்னு வருஷா வருஷம் இத்தனை சதவீதம் கழிப்போம். கான்கிரீட் அப்படிச் சொல்லிட்டுக் கழியாது. பல வருஷம் ஒண்ணும் தெரியாது, ஒருநாள் நாற்காலி மேல விழும்.

அப்பா மேலோட்டமாப் பூசிடலாம்னார். துரு உள்ளயே இருக்கும்னு சண்டை போட்டேன். கடைசியில கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளன்னு தேய்ச்சு, புதுசாப் போட்டாச்சு. பத்து நாளும் சாக்கு போட்டுத் தண்ணி ஊத்தினது நான்தான். அப்பாயி இப்போ அந்தப் பக்கமே உட்கார்றதில்லை. ஏன் ஊத்துறேன்னு அவங்க கேட்டப்ப மட்டும் எனக்குப் பதில் வரல.