நேயர் விருப்பத்தின் தலைநகர்

ஹௌராவிலிருந்து கயா வழியாக டில்லிக்குப் போகும் கிராண்ட் கார்டு ரயில் பாதையில் கோடர்மா ஒரு ஜங்ஷன். மஞ்சள் பலகையில் பெரிய எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் கோடர்மா என்ற பழைய ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்டேஷனைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் கடைவீதியும் தபால் நிலையமும் மிட்டாய்க் கடைகளும் வேறோர் ஊருக்குச் சொந்தம். அந்த ஊரின் பெயர் ஜும்ரி திலையா. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 88,000.

வட இந்தியாவில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து ஒரு சந்தேகம் வரும்: அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா? வரைபடத்தில் யாரும் அதைத் தேடியதில்லை. ரேடியோவில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். 1950-களிலிருந்து 80-கள் வரை ரேடியோ சிலோனிலோ விவித பாரதியிலோ இந்தித் திரைப்பாட்டு ஒலிபரப்பாகும் முன் அறிவிப்பாளர் வாசிக்கும் நேயர் பட்டியலில் பம்பாய் இருக்கிறதோ இல்லையோ, ஜும்ரி திலையா இருக்கும். அறிவிப்பாளர்களே கற்பனையாகச் சேர்த்துக்கொண்ட ஊர் அது என்று பலர் நம்பினார்கள். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் ஊர்களும் பெயர்களும் மூச்சு விடாமல் வாசிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டவருக்கு இந்த மயக்கம் புதிதல்ல.

ஊர் நிஜம். அதன் செல்வமும் ஒரு காலத்தில் நிஜமாக இருந்தது. 1890-களில் ரயில் பாதை போடத் தோண்டியபோது மண்ணுக்கடியில் மின்னியது மைக்கா. தமிழில் காக்காப்பொன் என்று சொல்வார்களே, அதுதான். செந்நிறச் சாயை கொண்ட கோடர்மா மைக்காவுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்துக்கு அசையாது, காகிதத்தைவிட மெல்லிய ஏடுகளாகப் பிரியும். சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளின் ஓரத்தை அரிவாளால் சீவி, ஏடு ஏடாகப் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கும் ஒயர்லெஸ் கருவிகளுக்கும் மைக்கா தேவைப்பட்டபோது ஜும்ரி திலையாவில் பணம் புரண்டது. மாளிகைகள் எழுந்தன. வெளிநாட்டுக் கார்கள் வந்தன. ரேடியோப் பெட்டிகளும் வந்தன.

அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்திருந்தால் உள்ளே ஊருக்குப் பழக்கமான சரக்கு இருந்திருக்கும். அந்நாளைய ரேடியோவின் கண்ணாடி வால்வுக்குள் நுட்பமான உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சிறு மைக்காத் தகடு. கன்டென்சர்கள் சிலவற்றிலும் மைக்கா உண்டு. உலகத்தின் ரேடியோக்களுக்கு மைக்கா அனுப்பிய ஊர், பிறகு அதே ரேடியோக்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கியது.

அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் டில்லியில் நடந்த ஒரு சண்டை இருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் பயிற்சி உள்ளவர். திரைப்பாட்டு, குறிப்பாக மேல்நாட்டு மெட்டுகளைக் கலந்து போட்ட பாட்டு, ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதுகூட விளம்பரம் என்று நிறுத்தப்பட்டது. கோபம் கொண்ட பட முதலாளிகள் பாட்டுகளுக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் அரசு வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது.

கேஸ்கரை வெறும் முரடர் என்று தள்ளிவிட முடியாது. சமஸ்தானங்கள் போன பிறகு ஆதரவற்று நின்ற வித்வான்களுக்கு வானொலி புரவலராக இருந்தது அவர் காலத்தில்தான். 1952-இல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சியும் 1954-இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனமும் இந்துஸ்தானியை வடக்கு எல்லைக்குள்ளும் கர்நாடக இசையைத் தெற்கு எல்லைக்குள்ளும் முடங்கவிடாமல் நாடு முழுவதும் கொண்டுபோயின. வித்வான்களின் கச்சேரியைக் காசில்லாமல் கேட்கச் சின்ன ஊர்க்காரர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. அவர் செய்த தவறு வேறு. நல்லதைக் கொடுத்தால் மட்டும் போதாது, மற்றதைக் கிடைக்காமல் செய்யவேண்டும் என்று நினைத்தார். முள்ளைத் திருப்ப ஒரு விரல் போதும் என்பதை மறந்தார்.

முள் கொழும்பின் பக்கம் திரும்பியது. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தது. இந்தியா முழுவதும் அதன் குரல் எட்டியது. 1952 டிசம்பரில் தொடங்கியது பினாகா கீத்மாலா. பற்பசை விற்க வந்த நிகழ்ச்சி, இருபது வயது அமீன் சயானியின் குரலால் ஒரு பழக்கமாகவே மாறியது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வட இந்தியக் கடைவீதிகளில் நடப்பவர்கள் ஒரு பாட்டையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேரலாம். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக சயானி பிற்காலத்தில் சொல்லிவந்தார். அந்நாளைய கணக்கெடுப்பு ஒன்றைப் பற்றி ஒரு வேடிக்கையும் வழங்கியது: பத்து வீடுகளில் ஒன்பதில் ரேடியோ சிலோன் பாடியது, பத்தாவது வீட்டில் பெட்டி ரிப்பேர்.

1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி பிறந்தது இந்தத் தோல்வியின் விளைவாகத்தான். ரேடியோ சிலோனோடு போட்டியிட அரசே தொடங்கிய பல்சுவை ஒலிபரப்பு அது. கவிஞர் நரேந்திர சர்மா அதை வடிவமைத்தார். கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தான். சண்டை முடிந்தது என்று சொல்வதைவிட, சண்டைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள் என்று சொல்லலாம். ராகத்தை விளக்கிச் சொல்ல ‘சங்கீத் சரிதா’, பழைய பாட்டுக்கு ‘பூலே பிஸ்ரே கீத்’, ஜவான்களுக்கு ‘ஜெய்மாலா’, நாடகத்துக்கு ‘ஹவா மஹல்’, கஜலுக்கும் பஜனைக்கும் தனி நேரம் என்று காலப்போக்கில் ஒவ்வோர் ரசனைக்கும் ஓர் அறை கிடைத்தது. இரவு பத்து மணிக்கு ‘சாயா கீத்’: அறிவிப்பாளர் தன் ரசனைப்படி பாட்டுகளைத் தேர்ந்து, நடுவில் கொஞ்சம் கவித்துவமாகப் பேசுவார். பத்தரைக்கு ‘ஆப் கி ஃபர்மாயிஷ்’: நேயர் கேட்ட பாட்டு. படித்தவரின் தேர்வும் பாமரரின் தேர்வும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வசித்தன. ஒன்றுக்காகக் காத்திருந்தவர் மற்றதையும் கேட்டே ஆகவேண்டும்.

ஜும்ரி திலையா குடியிருந்தது அந்த இரண்டாவது வீட்டில். மைக்கா வியாபாரி ஒருவர் 50-களில் விருப்பக் கடிதம் அனுப்பத் தொடங்கினார் என்றும், ரேடியோவில் அவர் பெயரைக் கேட்ட மற்றவர்களுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது என்றும் ஊரில் சொல்கிறார்கள். வெற்றிலைக் கடைக்காரர்கள், சில்லறை வியாபாரிகள், மாணவர்கள் எனப் பரவி அது போட்டியானது. நேயர் மன்றங்கள் கிளம்பின. ஒரு மாதத்தில் யார் பெயர் அதிக முறை வந்தது என்று கணக்குப் பார்த்தார்கள். கதைகளும் சேர்ந்து வளர்ந்தன: எதிராளியின் கடிதங்கள் ஊரைத் தாண்டாதபடி தபால்காரரைக் கவனித்துக்கொண்டவர்கள் உண்டாம், கடிதம் தாமதம் என்று தந்தி அடித்துப் பாட்டுக் கேட்டவர்களும் உண்டாம். எது உண்மை, எது மெருகு என்று இன்று பிரிப்பது கடினம்.

அவர்களுக்கு வேண்டியது பாட்டா, பெயரா? இந்தக் கேள்வியை ஏளனமாகக் கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு இவ்வளவு நீளப் பெயர்ப் பட்டியலா என்று நகரத்து ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஃபர்மாயிஷ் என்றால் மட்டமான ரசனை, ஜும்ரி திலையா என்றால் பட்டிக்காடு என்று ஆனது. ஆனால் அந்தப் பட்டிக்காட்டுக்குள்ளும் ரசனை ஒன்றாக இருந்ததில்லை. காலையில் ரேடியோ சிலோனின் பழைய பாட்டு நிகழ்ச்சி எட்டு மணிக்குச் சற்று முன் கே.எல். சைகல் பாட்டோடு முடியும். 1947-இல் இறந்துபோன பாடகர், அதற்குப் பின் வந்த பல்லாயிரம் காலைகளில் பாடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டுத்தான் கடை திறப்பது என்றிருந்த அப்பாக்களும், புதன்கிழமைக்காகக் காத்திருந்த பிள்ளைகளும் ஒரே பெட்டியைத்தான் பகிர்ந்துகொண்டார்கள். கூடத்தில் ஒரு ரேடியோ, லைசென்ஸும் ஒன்றுதான். பிடிக்காத பாட்டை எழுந்துபோய் அணைக்கலாம். அணைத்தால் அடுத்து வரும் பிடித்த பாட்டும் போய்விடும். பொறுத்துக் கேட்டவர்களுக்குப் பிடிக்காத பாட்டுகளும் மனப்பாடமாயின.

பெயரின் கதைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அன்றைய ஜும்ரி திலையா பீகாரின் ஹஸாரிபாக் மாவட்டத்தில் ஒரு மூலை. கோடர்மா மாவட்டம் உருவானது 1994-இல், ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000-இல். தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷனின் முதல் அணை 1953-இல் பக்கத்தில் பராகர் ஆற்றில் எழுந்தபோது ஊரின் பாதிப் பெயர் அதற்குக் கிடைத்தது: திலையா அணை. ரயில்வே அந்தப் பாதியையும் தரவில்லை. மைக்கா பெட்டிகளில் கல்கத்தா ஏற்றுமதியாளர்களின் முத்திரை விழுந்தது. முழுப் பெயரையும் நாடறியச் சொன்னது ரேடியோ மட்டும்தான், அதுவும் ஒரு தபால் கார்டின் செலவில்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்தன. செயற்கை மாற்றுப் பொருள்களும் வந்தன. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்தால் காட்டுக்குள் இருந்த சுரங்கங்களுக்கு அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியன் 1991-இல் சிதறியது. அதே ஆண்டுகளில் கேசட்டும் டி.வி.யும் வீட்டுக்குள் வந்தன. பாட்டைக் கேட்டு வாங்கவேண்டிய அவசியம் இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கலாம். கீத்மாலா கடைசி ஆண்டுகளில் விவித பாரதிக்கே வந்து, 90-களின் நடுவில் ஓய்ந்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தார்.

காட்டில் மைக்கா முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. கைவிட்ட சுரங்கங்களின் ஓரங்களில் ஏழைக் குடும்பங்கள் துண்டு துணுக்குகளைப் பொறுக்குகின்றன. ‘டிப்ரா’ என்பது அதற்கு உள்ளூர்ப் பெயர். மண் சரிந்து உயிர்கள் போகின்றன. அவற்றில் குழந்தைகளின் உயிரும் உண்டு என்று 2016-இல் வெளியான செய்திகள் உலகம் முழுவதும் பேசப்பட்டன. பொறுக்கிய துணுக்கு கைமாறிக் கைமாறிக் கார் பெயின்டிலும் முகப்பூச்சிலும் மினுமினுப்பாகச் சேர்கிறது. பாட்டுக் கேட்டவர்களின் பெயரை நாடு கேட்டது. பொறுக்குபவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சட்டப்படி அந்த வேலையே இல்லாத வேலை.

ஊரின் புகழ் மட்டும் ஒரு வேடிக்கையாக உயிரோடு இருக்கிறது. 2017-இல் வந்த ‘ஜக்கா ஜாசூஸ்’ இந்திப் படத்தில் ‘ஜும்ரிதலையா’ என்றே ஒரு பாட்டு. குங்குமப்பூ நிறக் கலாகந்துக்காகவும் வழிப்போக்கர்கள் ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விவித பாரதி எஸ்.எம்.எஸ்.ஸிலும் மின்னஞ்சலிலும் விருப்பம் கேட்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் கையில் போன் இருக்கிறவர் யாரிடமும் பாட்டுக் கேட்கவேண்டியதில்லை. கேட்ட பாட்டை வைத்தே அடுத்த பாட்டை அது எடுத்துக் கொடுக்கிறது. சைகலை விரும்பும் அப்பாவும் புதுப்பாட்டை விரும்பும் மகனும் ஒரே கூடத்தில், ஆளுக்கொரு காதணிக் கருவியோடு உட்கார்ந்திருக்கலாம். சண்டை இல்லை. ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுவதும் இல்லை.

கோடர்மா ஸ்டேஷனில் அடுத்த வண்டிக்கான அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கிறது. புறப்படும் இடம், வழி, சேரும் இடம் எல்லாம் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. வண்டி கஜண்டி தாண்டி, மலைச்சரிவில் சுரங்கப் பாதைகளுக்குள் நுழைந்து கயாவை நோக்கி இறங்கும். ஒலிபெருக்கி கோடர்மா என்ற பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன் கீழே நிற்கும் ஊரின் பெயரை ஒரு முறைகூடச் சொல்வதில்லை.