மனநல டாக்டரும் வீடியோ காலும்

பொட்டி தட்டுற நமக்கு வீடியோ கால்னாலே அலுப்பு. ஆனா இதே வீடியோவ வச்சு 2010லயே புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு நல்ல வேலை நடந்துச்சு மக்கா. சென்னையில இருக்குற ஸ்கார்ஃப் அமைப்பு ஒரு பஸ்ஸை கிராமம் கிராமமா ஓட்டுச்சு. உள்ள போய் உக்காந்தா திரையில சென்னை டாக்டர். அவர் எழுதுற மாத்திரை அதே பஸ்ஸுலயே, இலவசமா! எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். மாத்திரைக்குத் தனியா டவுனுக்கு அலையணும்னா பாதிப் பேர் நடுவுலயே விட்டுருவாங்க.

எங்க பெரியப்பா வேடசந்தூர் பக்கம். ரெண்டு வருஷமா சரியாத் தூங்குறதில்ல, தனியாப் பேசுறார். "திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் பெரியப்பா"ன்னா, "பஸ் ஸ்டாண்டுல நம்ம சனம் யாராச்சும் பாத்தா?" அவ்ளோதான். (பூட்டுக்குப் பேர்போன ஊராச்சே, வாய்க்கும் ஒண்ணு போட்டு வச்சிருக்கோம்.)

2022 அக்டோபர்ல வந்த டெலி மானஸ், அதான் 14416, வெறும் ஃபோன்லதான் ஆரம்பிச்சது. 2024 அக்டோபர்ல வீடியோவும் சேந்துச்சு. முதல்ல தொடங்குன மூணு இடத்துல தமிழ்நாடும் ஒண்ணு. குரல்ல தெரியாதது முகத்துல தெரியும். மாத்திரையால கை நடுங்குதான்னு நீட்டச் சொல்லிப் பாக்கலாம். எல்லாஞ்சரி, ஒத்த ரூம் வீட்டுல மருமக ஃபோனப் புடிச்சிக்கிட்டு நின்னா மனுஷன் என்னத்தப் பேசுவார்? ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு கம்ப்யூட்டரும், சாத்துற மாதிரி ஒரு கதவும் குடுத்தா தேவல.

போன ஞாயித்துக்கெழம தோட்டத்து மோட்டார் ரூம்ல அவர உக்கார வச்சு 14416 போட்டுக் குடுத்துட்டு, நான் புளியமரத்தடியில நின்னேன். இருபது நிமிஷம். வெளிய வந்தவர், "அந்தப் புள்ள நல்லாத்தான் பேசுது. மூஞ்சியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்"ன்னார்.