மூணு நாள், ஒரு வேன், ஒரு கிணறு

“மச்சான், கோவா வேணாம்டா. எல்லா செட்டும் அங்கதான் போகுது. நாம ஃபாரின் போவோம்!”

எங்கள் ஃபைனல் இயர் டூர் பேச்சு கேன்டீனில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஃபாரின் என்றதும் பாங்காக், பாலி என்று கனவு பறந்தது. நாலு பேர் பாக்கெட்டையும் கூட்டிப் பார்த்ததும் இறங்கி வந்து யாழ்ப்பாணத்தில் நின்றது.

சிரிக்காதீங்க பாஸ், அதுவும் ஃபாரின்தான். பாஸ்போர்ட்ல சீல் குத்துறாங்க! மேப்பை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே, வானத்தில் 360 கிலோமீட்டர் மாதிரி. மதுரைக்கு பஸ்ஸில் போவதே இதைவிட அதிக தூரம். இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. இந்த ரூட் புதுசும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் மெட்ராஸ் வந்தது. அப்புறம் போர் வந்து எல்லாம் நின்றுபோய், 2019 நவம்பரில்தான் பலாலிக்கு வழக்கமான சென்னை விமானச் சேவை மறுபடி வந்தது. கொரோனாவில் திரும்பவும் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

சரி, பிளானுக்கு வருவோம். முதலில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனோம். மூணு நாளில் இருபத்தியொரு இடம் என்று பேப்பரை நீட்டினார். ஒவ்வொரு இடத்துக்கும் நேரே ‘20 நிமிடம்’ என்று எழுதியிருந்தது. செமஸ்டர் டைம் டேபிளே இதைவிட கருணையா இருக்கும். பேப்பரை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அப்புறம்தான் நாங்களே தேடினோம். இலங்கையில் கைடு வேலைக்கு சுற்றுலா அதிகார சபை லைசென்ஸ் தருகிறது. வண்டியும் ஓட்டி, இடத்தையும் சுற்றிக்காட்டுகிற டிரைவர் கைடுகளுக்கு என்று தனி லைசென்ஸே உண்டு. நாலு பேருக்கு ஒரு வேன், ஒரு ஆள் என்று எடுத்தால் தலைக்கு வரும் செலவு தாங்கக்கூடியதுதான். நீங்கள் பேசும்போது பெட்ரோல், படகு டிக்கெட், டிரைவரின் சாப்பாடு, தங்கல் இதெல்லாம் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரேட் இலங்கை ரூபாயிலா, இந்திய ரூபாயிலா என்பதையும்தான். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வருகிறது. இதைக் கேட்காமல் எங்களில் ஒருத்தன் போனிலேயே மயங்கி விழப் பார்த்தான்.

எங்களுக்குக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். எங்க லிஸ்ட்டைக் கேட்டுவிட்டு, “நல்லூருக்கும் கோட்டைக்கும் ஒரு நாள் காணும் தம்பி” என்றார்.

காணுமா? எங்கே போச்சு? நாலு பேரும் முழித்தோம். அங்கே ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று அர்த்தமாம்! “நெடுந்தீவும் நயினாதீவும் ஒரே நாளிலை எண்டால் படகிலையும் வானிலையும்தான் இருப்பியள், ஒண்டையும் வடிவாப் பாக்க ஏலாது” என்று சொல்லி எங்க லிஸ்ட்டில் பாதியை வெட்டினார். விசா விஷயத்தில் மட்டும், இ.டி.ஏ. அனுமதியின் விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அரசு இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் அவள் வந்தாள்.

எங்க க்ளாஸ்தான். வீடு கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம். “அஞ்சாவது ஆளா நீயும் வாயேன்டி” என்று சும்மா கேட்டுவிட்டோம். “எனக்கு ஏது பாஸ்போர்ட்?” என்றாள்.

பிறந்தது இங்கே, படித்தது இங்கே, எங்களைவிட நல்லா சென்னைத் தமிழ் பேசுவாள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அவள் அப்பா, அம்மா இரண்டு பேருமே இலங்கை. மூணு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் எங்களுக்கு இது தெரியாது. கேட்டதும் இல்லை.

அவள் அம்மாவின் ஊர் மயிலிட்டி, பலாலி விமான நிலையத்தின் பக்கத்துக் கடலோரம். 1990 ஜூனில் அந்தப் பகுதி மொத்தமும் காலியானது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பிறகு படகில் ராமேஸ்வரம். ஊர் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. துறைமுகப் பக்கத்தை 27 வருஷம் கழித்து, 2017 ஜூலையில்தான் மக்களிடம் விட்டார்கள்.

அம்மா சொல்லச் சொல்ல அவள் ஒரு நோட்டுப் பேப்பரில் மேப் வரைந்து கொண்டுவந்தாள். தெருப் பேர் கிடையாது. கடல், கோயில், ஒரு ஒழுங்கை, கடைசியில் ஒரு வட்டம். அதுதான் வீட்டுக் கிணறு.

“முடிஞ்சா பாருங்கடா. இல்லன்னா விடுங்க.”

சண்டை எங்களுக்குள்தான் வந்தது. மூணு நாளில் அரை நாள் இதற்குப் போனால் நெடுந்தீவு போச்சு. காட்டுக் குதிரைகள் மேய்கிற தீவு அது. குறிகட்டுவானிலிருந்து படகிலேயே ஒரு மணி நேரம். “குதிரை பாக்கத்தான்டா நான் காசு சேத்தேன்” என்றான் ஒருத்தன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பார்ட் டைமாகப் பார்சல் சுமந்து சேர்த்த காசு. ரெண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. கடைசியில் அவனே அண்ணாவுக்கு போன் போட்டு, மேப்பை அனுப்பி, “நெடுந்தீவை எடுத்துடுங்கண்ணா” என்றான்.

போனோம். நல்லூரில் சட்டையைக் கழற்றி நின்றோம் (அங்கே ஆண்களுக்கு அதுதான் ரூல்). கோட்டை மதிலில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். 1981ல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்து நிற்கும் வெள்ளை நூலகத்தில் யாருக்கும் செல்ஃபி எடுக்கத் தோன்றவில்லை. ஒடியல் கூழ் காரத்தில் மூக்கு ஒழுக, ரியோவில் ஐஸ்க்ரீம்.

மூணாம் நாள் காலை மயிலிட்டி. அண்ணா வேனை மூன்று இடத்தில் நிறுத்தி, வயதானவர்களிடம் மேப்பைக் காட்டினார். கோயில் கிடைத்தது. ஒழுங்கை இருந்த இடத்தில் பற்றைக்காடு. உள்ளே நடந்தால் கூரை இல்லாத சுவர்கள், அதன் நடுவே கிணறு. சத்தம் போட்டு வீடியோ கால் போட்டோம். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “எங்கட கிணத்துக்கட்டு இவ்வளவு உயரம் இல்லை” என்றார்.

இருபது அடி தள்ளி இன்னொன்று. அதற்குக் கட்டே இல்லை. கல் எல்லாம் உள்ளே சரிந்து கிடந்தது. அண்ணா சின்னக் கல் ஒன்றைப் போட்டார். ‘ப்ளக்’ என்று சத்தம் வந்தது.

“தண்ணி நிக்குது அக்கா” என்றார் போனில்.

“கடல் எந்தப் பக்கம் தம்பி?”

குதிரைக்காரன் போனை வாங்கி, கையை நீட்டி மெதுவாகத் திருப்பிக் காட்டினான். பனைகளுக்கு இடையில் நீலமாக ஒரு கோடு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

“எதுக்கும் ரெண்டு கிணத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ” என்றார் அம்மா. “அண்ணையிட்டைக் கேட்டுப் பாக்கிறன். அவருக்குத்தான் வடிவா ஞாபகம் இருக்கும்.”