எழுபது வளைவு... ஒரு வெள்ளைச் சுவர்!

கொல்லிமலைக்கு எதற்குப் போவார்கள்? ஆகாய கங்கையில் தலையைக் கொடுக்க, அறப்பளீஸ்வரரைக் கும்பிட, பலாப்பழம் வாங்க. நான் போனது ஒரு வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க! (அடிப்பதை வேடிக்கை பார்க்க என்று திருத்திப் படிக்கவும்.)

ஆபீஸ் நண்பருக்குச் சொந்த ஊர் ஆலத்தூர் நாடு. 'நாடு' என்றதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று ஊர்ப் பெயர்களே அப்படித்தான். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கும் 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையில் இருப்பவர்கள், பேசுவது சுத்தமான தமிழ்.

காரவள்ளியில் பஸ் ஏற ஆரம்பித்தால் மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, காலையில் சாப்பிட்ட இட்லியை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தேன். அறுபதுக்கு மேல் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கீழே நாமக்கல்லில் சட்டை நனைய வியர்வை. ஆயிரம் மீட்டருக்கு மேலே மார்கழிக் குளிர். இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

நண்பர் வீட்டில் மண்சுவரும் புல்கூரையும் போய், லோன் போட்டு ஒட்டுவீடு வந்துவிட்டது. பூச்சுவேலை கார்த்திகைக் கடைசியில்தான் முடிந்தது. தை முதல் வாரம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கையில் மிச்சமிருந்த பணம் ஒரே ஒரு தடவை பெயிண்ட் அடிக்கத்தான் காணும். டவுன் பெயிண்டர் ஒருவர், "பட்டி பார்த்து, பளபளன்னு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சிடலாம் சார். சுவத்துல முகம் பார்த்துத் தலை சீவலாம்" என்று ஆசை காட்டியிருந்தார். ஷேடு கார்டில் 'மயில் கழுத்து' நிறத்தை நண்பர் வட்டம் போட்டும் வைத்திருந்தார்.

உள்ளூர் மேஸ்திரி ஒருவர் வந்தார். அறுபது வயது, காதில் பீடி. சுவரை உள்ளங்கையால் தடவினார். மாட்டுக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"தம்பி, ஒரு பிளாஸ்டிக் பேப்பர் கொண்டா" என்றார். ஒரு முழத் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று போயே போய்விட்டார்.

மறுநாள் பார்த்தால், பேப்பரின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்! சுவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது.

"இது மேல எமல்ஷன் அடிச்சா என்ன ஆகும்?" என்றேன்.

"ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டுக் குளிச்ச மாதிரி ஆகும் சார். உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம, கொப்புளம் கொப்புளமா எழும்பும். ஒரே மழைக்காலம்... உரிச்ச வாழைப்பழம்தான்!"

மேஸ்திரி சொன்னது அத்தனையும் ரசாயனம். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் பதம் பட வேண்டும்; பனியும் தூறலும் உள்ள இடத்தில் இன்னும் அதிகம். சிமென்ட்டில் காரம் இருக்கிறது. ஈரத்தோடு அது வெளியே வரும்போது எமல்ஷனை அரித்து, நிறத்தையும் வெளுக்க வைக்கும். பனி மூடிய காலையில், ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதோ, பத்து டிகிரிக்குக் கீழே குளிரும்போதோ அடித்தால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. ஈரச் சுவரில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் திண்டாட்டம். நண்பரின் அப்பாவுக்கு இரவெல்லாம் இழுப்பு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"அப்ப நிச்சயத்தைத் தள்ளிப் போடறதா?" என்று நண்பர் தலையில் கை வைத்துவிட்டார்.

"எதுக்குச் சாமி தள்ளிப் போடணும்? உள்ளே சுண்ணாம்பு அடி" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல். நண்பரின் அம்மா! "சுண்ணாம்பா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னம்மா நினைப்பாங்க? வெளிச்சுவர் வேற சாம்பல் கலர்ல நிக்குது!" என்று நண்பர் பதற, அம்மா அசரவில்லை. "வெத்தலை பாக்கு வீட்டுக்குள்ளதானே மாத்தறோம்?"

மேஸ்திரி சிரித்தார். அம்மாவின் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துத் தானே கல்லாக இறுகும். அதுவே காரம் என்பதால் சிமென்ட்டின் காரத்தோடு சண்டை போடாது. பூஞ்சையும் சுலபத்தில் கிட்டே வராது. விலையும் குறைவு. கொஞ்சம் பசை, ஒரு சிட்டிகை நீலம், பனைமட்டை பிரஷ்... மூன்று நாளில் மூன்று கோட்டிங். வீடு பால்சோறு மாதிரி ஆகிவிட்டது. குறை என்னவென்றால், சாய்ந்தால் ஒட்டும். வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

மிச்சப்பட்ட லோன் பணம் வெளிச்சுவருக்கு. நன்றாகக் காய்ந்த பின் பங்குனியில், காலை பத்து மணிக்கு மேல் வெயில் பார்த்து, பூஞ்சைத் தடுப்புள்ள வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் அடித்தார்கள். செம்மண் தெறிக்கும் அடிப்பகுதியில் இரண்டடிக்குக் காவிப் பட்டை. மயில் கழுத்து? ஒரு சதுர அடி அடித்துப் பார்த்தார்கள். மேகமூட்டத்தில் அது காக்காய் கழுத்தாகத் தெரிந்ததால் தந்த நிறத்துக்கு மாறினார்கள்.

நாமக்கல், சேலம் வாசகர்களே, உங்களுக்கு எதிரி ஈரமல்ல, வெயில். மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் சூட்டைத் திருப்பி அனுப்பும். மேற்குச் சுவருக்கு அடர்நிறம் வேண்டாம். சூட்டையும் இழுக்கும், சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். கதவு, ஜன்னலுக்கு எனாமல் வாங்கும்போது டப்பாவில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். 2017 நவம்பர் முதல், பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது சட்டம். பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். புது சட்டையோடு சுவரில் சாய்ந்த மாப்பிள்ளைக்கு முதுகு முழுக்க வெள்ளை! நண்பர் ஓடிப்போய்த் தட்டிவிடப் பார்த்தார். அம்மா தடுத்துவிட்டார்.

"விடு கண்ணு. நம்ம வீடு அவர்மேல ஒட்டிக்கிச்சு. இனிமே எங்க போவாரு?"