ஐந்தடி தூரத்து அட்டை

டெல்லி ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் எல்லாப் புத்தகமும் காலடியில்தான் கிடக்கும். தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்த சந்தை, உயர் நீதிமன்ற உத்தரவால் 2019இல் பக்கத்து மகிளா ஹாட்டுக்கு இடம்பெயர்ந்தது. தரை விரிப்பும் குவியலும் மட்டும் மாறவில்லை. நிற்பவர் கண்ணுக்கும் அட்டைக்கும் ஐந்தடி. நடந்துகொண்டே ஒரு பார்வை. குனிவதா வேண்டாமா என்பது அதற்குள் முடிவாகிவிடும்.

நாயகி, ரயில், மலை, கண்ணீர் என்று கதை மொத்தத்தையும் வெளியிலேயே கொட்டிவிடும் அட்டைகளுக்கு நான் குனிவதில்லை.

ஜிம் கார்பெட்டின் குமாவோன் ஆட்கொல்லிப் புலிகள் நூலுக்குக் கல்கத்தா சிக்னெட் பிரஸ் பதிப்பில் சத்யஜித் ராய் செய்ததைப் பாருங்கள். அட்டை முழுக்கப் புலித்தோல், அதில் குண்டு பாய்ந்த ஓட்டை. திருப்பினால் பின்னட்டையில் குண்டு வெளியேறிய ஓட்டை, இன்னும் பெரிதாக. துப்பாக்கியும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. கையில் இருக்கும் புத்தகமே புலியாகிவிடுகிறது. நடுவில் உள்ள பக்கங்கள் குண்டு போன வழி. முன்னட்டையை மட்டும் யோசிப்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

அருந்ததி ராயின் இரண்டாம் நாவல் 2017இல் வந்தபோது, டெல்லியின் சந்துகளை எழுதியும் படமெடுத்தும் வருகிற மயங்க் ஆஸ்டன் சூஃபியின் புகைப்படம் அட்டையானது: வெளிறிய பளிங்குக் கல்லறை, வாடிய பூ. கதையில் கபரஸ்தானில் குடியேறும் அஞ்சும் என்ற பாத்திரம் அதில் இல்லை. நாவலின் பெருங்கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பெயரே விற்றுக்கொடுக்கும் எழுத்தாளருக்கு இந்த அடக்கம் கட்டுப்படியாகும். முதல் புத்தகம் போடுகிறவர் இதைக் கேட்டால் பதிப்பாளர் முகம் போகும் போக்கே வேறு.

தமிழ் அட்டைக்குத் தனிப் பாடு உண்டு. தலைப்பை இரண்டு வரியாக நெருக்கினால் மேல்வரி உகரச் சுழி கீழ்வரி இகரக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விலக்கினால் எழுத்து சிறுக்கும். ஐந்தடியில் வாசிக்க முடியாது. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகளில் இந்தச் சண்டையே இல்லை. எழுத்துகள் ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் கொடுக்கும். அப்படி எழுதிய தலைப்பு இருந்தால் அட்டைக்குப் படம்கூட வேண்டாம் என்பேன்.

முதுகுப்பக்கத்தை மட்டும் நம்மவர்கள் கடைசி நாளுக்கு விட்டுவிடுகிறார்கள். சந்தைத் தரையிலும் பாதிப் புத்தகங்கள் அடுக்கில்தான் இருக்கின்றன. அங்கே தெரிவது முதுகு ஒன்றுதான். அதில் தலைப்பு சிலவற்றில் மேலிருந்து கீழாக, சிலவற்றில் கீழிருந்து மேலாக ஓடுகிறது. வாங்க வந்தவர்தான் கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்துக்கொள்ள வேண்டும்.