சாட்சி சொல்லத் தயங்கிய நாள்கள்



சென்ற ஆண்டின் ஓர் இரவு. இஷாத் தொழுகையை முடித்து நாம் பள்ளிவாசலின் படியிறங்கிக் கொண்டிருந்தோம். எதிரே வாகனத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் அண்ணன் அங்கே நிறுத்தப்பட்டிருந்தார். ஆவணங்களைக் காட்டிய பின்னரும் காவலர் வண்டியின் சாவியை உருவினார். "எதுக்கு சார் சாவியை எடுக்கிறீங்க?" என்று கேட்டவாறே இளைஞர் காவலரின் மணிக்கட்டைப் பற்றினார். அடிக்கவில்லை; தள்ளவுமில்லை. நாம் கண்டது அவ்வளவே. ஆயினும் முதல் தகவல் அறிக்கையில், காவலரைக் கீழே தள்ளிப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று எழுதப்பட்டிருந்தது.

பதினொரு நாள்கள் அவர் சிறையில் இருந்தார். வளைகுடா வேலைக்காக வந்திருந்த விசாவின் காலம் முடிந்துபோனது. குற்றவழக்கு நிலுவையில் இருப்போர் வெளிநாடு செல்ல நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அவ்வனுமதிக்காகக் காத்திருக்க அந்த வேலை காத்திருக்கவில்லை.

இச்சட்டம் எவ்வாறு இவ்வளவு கடுமையாயிற்று என்பதை அதன் பின்னரே நாம் படித்தறிந்தோம். அரசு ஊழியரின் பணியைத் தடுப்பது ஒரு குற்றம். அதற்காக அவரைத் தாக்குவதோ பலத்தைப் பயன்படுத்துவதோ அதனினும் பெரிய குற்றம். முன்னதற்கு மூன்று மாதம் வரையிலும், பின்னதற்கு இரண்டாண்டு வரையிலும் சிறை உண்டு. பின்னதற்கு முன்பெல்லாம் பிணை உரிமையாகவே கிடைத்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமையை அகற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களில் இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 221, 132 ஆகிய பிரிவுகளாயின. முன்னதன் அபராத உச்சவரம்பு 500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆம் பிரிவோ, குற்றத் தடுப்பு நடவடிக்கையில் காவலர் இடும் சட்டபூர்வமான கட்டளையைப் பொருட்படுத்தாதவரையும் பிடித்துவைக்க அதிகாரம் அளிக்கிறது.

காவலரைத் தாக்குவோர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இரவெல்லாம் விழித்து நம் தெருவைக் காப்பவரும் ஒரு தாயின் பிள்ளையே. ஆயினும் தாக்கியவருக்கென வகுத்த வலையில் கேள்வி கேட்டவரும் சிக்கும்போது, அதன் செலவை ஊரே சுமக்கிறது. நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பை எதிர்நோக்கியிருக்கும் விசாரணைக் கைதிகள். கீழமை நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியுள்ளன. ஒவ்வொரு வாய்தாவிலும் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலியோடு, நீதிமன்றத்தில் காத்து நிற்கும் காவலரின் ஒருநாள் பணியும் வீணாகிறது.

இவற்றினும் பெரிய செலவொன்றை நாம் நம்மிடமே கண்டோம். அந்தத் தாய் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், நீங்க கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. மதரஸாவுக்குத் தொல்லை வருமோ, நம் மீதும் ஏதேனும் ஒரு பிரிவு பாயுமோ என்று அஞ்சினோம். சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்குப் பலமுறை விளக்கியவர்கள் நாம். நமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பதன்றோ அதன் போதனை? அதனைக் கற்பித்த நாவு மூன்று நாள்கள் மௌனமாயிருந்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

அந்நாள்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியொன்று நம் நினைவுக்கு வந்தது. இரவுக் காவலில் சென்ற கலீஃபா உமர் (ரலி) ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்று, அங்கே பாவத்தில் இருந்தவரைக் கண்டிக்கிறார்கள். அவரோ, துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் உரைக்காதது என மூன்று தவறுகளைக் கலீஃபாவின் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டுகிறார். உமர் (ரலி) அதனைத் தம் பணிக்கு இடையூறு எனக் கொள்ளவில்லை. அவர் இனித் திருந்துவதாக வாக்களிக்கவே, அவரை விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் நாள் வழக்கறிஞரிடம் சென்றோம். "கையையே தொடலைன்னு சொல்லிடுங்க" என்று உறவினர் ஒருவர் நம் காதில் கூறினார். நாம் இசையவில்லை. மணிக்கட்டைப் பற்றியதையும் சொன்னோம், தள்ளவில்லை என்பதையும் சொன்னோம். அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டோம். வழக்கு இன்னும் முடியவில்லை. அழைக்கும் நாளில் நீதிமன்றத்திலும் அதனையே சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களே! காவலர் நிறுத்தினால் கையை நீட்டாமல், குரலை உயர்த்தாமல், காரணத்தைப் பணிவாகக் கேட்கும்படி நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அநீதியைக் கண்ணால் கண்டவர் வாய்மூடிச் செல்லலாகாது என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். சாட்சி சொல்ல மக்கள் அஞ்சும் ஊரில், நாளை அதே காவலர் உண்மையாகவே தாக்கப்படும்போதும் முன்வர ஒருவரும் இருக்கமாட்டார்.

வல்ல நாயன் நம் நாவுகளை உண்மையில் உறுதிப்படுத்துவானாக. ஆமீன்.