மூன்று காலண்டர்களும் ஓர் ஆடும்

தாராவியில் நாங்கள் குடியிருந்தபோது, வீட்டில் கறி எடுக்கும் நாளை அம்மாதான் தீர்மானிப்பார். ஆடி பிறந்ததும், "கட்டாரி அமாவாசை கழியட்டும், விலை இறங்கும்" என்பார். அமாவாசைக்கு மறுநாள் மராட்டியர்களின் சிராவண விரதம் தொடங்கும். முதல் நாள் வரிசை நின்ற கறிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் எங்கள் சனங்களுக்கு அப்போதுதான் ஆட்டுக்கறி கைக்கு எட்டும். புரட்டாசியில் நாங்கள் நிறுத்துவோம், மற்றவர்கள் வாங்குவார்கள். ஒருவர் விரதம் இன்னொருவருக்கு விருந்து.

இந்தக் கணக்கில் ஆட்டுக்காரர் என்று ஒருவரும் இருப்பது 2019-ல்தான் எனக்கு உறைத்தது.

அப்போது செம்பூருக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டு பாய் மேலப்பாளையத்துக்காரர். ஊர்ச் சந்தையில் ஆடு பிடித்துப் பழகியவர். ஆனால் மும்பைக்குப் புதிது, இந்தி வராது. பக்ரீத்துக்கு முதல் நாள் என்னை மொழிபெயர்ப்பாளனாக தேவனாருக்கு அழைத்துப் போனார். மாநகராட்சி இறைச்சிக்கூடம் 1971-லிருந்து அங்கேதான் இருக்கிறது. பக்ரீத் சமயத்தில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்திலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் வந்து இறங்கும்.

கணுக்கால்வரை சேறு. மத்தியப் பிரதேச வியாபாரி ஒருவரிடம் மூன்று ஆடுகள் மீதம் இருந்தன. பாய் ஒன்றின் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு பல் விழுந்து முளைத்திருந்தது. ஒரு வயது தாண்டிவிட்டது, குர்பானிக்கு ஆகும். விலை 18,000 என்றார் வியாபாரி. பாய் அசையவில்லை.

ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் பக்ரீத் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முந்தி வரும். 2025-ல் ஜூன் 7. 2019-லோ ஆகஸ்ட் 12, நட்ட நடுச் சிராவணம். பண்டிகைக்கு விற்காத ஆட்டை மறுநாள் கறிக்கடைக்குத் தள்ளலாம் என்றால், கடையில் பாதி வாடிக்கையாளர்கள் விரதத்தில் இருப்பார்கள். அம்மாவுக்கு லாபமான மாதம் ஆட்டுக்காரருக்கு இப்படி.

வியாபாரி தன் மகனிடம் திரும்பி, "திருப்பி ஏற்றிப்போக லாரி வாடகைக்குப் பணமில்லை" என்று முணுமுணுத்தார். எங்களிடம் சொன்னதல்ல. ஆனாலும் தொழில் பழக்கம். அதையும் பாயிடம் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அப்படியா தம்பி? பதினொண்ணு சொல்லுங்க."

சொன்னேன். வியாபாரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

எத்தனையோ பக்கங்கள் மொழிபெயர்த்திருக்கிறேன். பிழைகளுக்காக வருந்தியதுண்டு. பிழையில்லாமல் மொழிபெயர்த்ததற்காக வருந்தியது அந்த ஒரு வரிக்குத்தான்.

மறுநாள் வழக்கப்படி பாய் எங்களுக்கு ஒரு பங்கு கறி கொடுத்தனுப்பினார். அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன விலைக்கு முடிஞ்சுது?" என்று கேட்டார். சொன்னேன். "சிராவணமாச்சே, பரவாயில்லையே!" என்று மகிழ்ந்துபோனார்.

லாரி வாடகை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.